ஒரு டாலருக்கு ஒரு மரமா? எரிந்த சியரா காட்டுக்குப் பணம் கொடுக்குமுன் போட்ட கணக்கு

2020 செப்டம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் பொழுது விடியவே இல்லை. காலை பத்து மணிக்கும் வானம் செங்காவி நிறத்தில் கிடந்தது. தெருவிளக்குகள் அணையவில்லை. ஊரிலிருந்து வீடியோ காலில் வந்த அம்மா, "அங்க இப்ப காலையிலதானே? வீடு ஏன் இப்படி இருண்டு கிடக்கு?" என்று கேட்டார். மலையில் காடு எரிகிறது, அந்தப் புகை என்றேன். எவ்வளவு தூரத்தில் என்றார். முந்நூறு கிலோமீட்டர் இருக்கும் என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அந்த ஒரே ஆண்டில் கலிஃபோர்னியாவின் காட்டுத்தீ வெளியிட்ட பசுங்குடில் வாயுக்கள் சுமார் 12.7 கோடி டன் என்று ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள். 2003 முதல் 2019 வரை காரிலும் மின்சாரத்திலும் தொழிற்சாலையிலும் மாநிலம் பாடுபட்டுக் குறைத்த அளவைப்போல் இது கிட்டத்தட்ட இருமடங்கு. பதினாறு வருடச் சேமிப்பு ஒரு கோடையில் போனதற்கு மேல் கடனும் ஏறியது.

எங்கள் வட்டத்தில் சில தமிழ்க் குடும்பங்கள் ஆண்டுதோறும் கொஞ்சம் பணம் சேர்த்து ஏதாவதொரு நல்ல காரியத்துக்குக் கொடுப்பது வழக்கம். இந்த முறை காட்டுக்கு என்று முடிவானது. அதோடு ஒற்றுமையும் முடிந்தது. "ஒரு டாலருக்கு ஒரு மரம்" என்ற விளம்பரத்தை ஒருவர் காட்டினார். நடுவதைவிட இருக்கிற காட்டைக் காப்பாற்றுங்கள் என்றார் இன்னொருவர். வெட்டிய மரத்தைக் கரியாக்கிப் புதைக்கும் நிறுவனத்தின் கார்பன் சான்றிதழை (இத்தனை டன் கார்பன் காற்றில் சேராமல் தடுத்தோம் என்று எழுதி விற்கும் பத்திரம்) வாங்கலாம் என்றார் மூன்றாமவர். இயற்கையை அதன் போக்கில் விடுங்கள், பணத்தை வேறு எதற்காவது கொடுங்கள் என்றார் என் மனைவி. ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் எரிந்தது எது என்று பார்க்க வேண்டும். தாஹோ ஏரிக்குப் பனி பார்க்க ஹைவே 50-இல் போகிறவர்களுக்கு எக்கோ சம்மிட்டுக்கு முன்னால் சாலையோரம் கருகிய கம்பங்களாக நிற்கும் மரங்கள் பழகியிருக்கும். 2021-இல் கால்டோர் தீ எரித்த சுமார் 2,21,800 ஏக்கரில் ஒரு துண்டு அது. அதே கோடையில் வடக்கே டிக்ஸி தீ 9,63,000 ஏக்கரைத் தாண்டியது.

கிழக்குக் கலிஃபோர்னியாவின் மலைத்தொடரான சியரா நெவாடாவின் நடு உயரங்களில் தீ புதிய விருந்தாளி அல்ல. பாண்டரோசா பைனும் சுகர் பைனும் தடித்த பட்டைக்குள் ஒளிந்துகொண்டு, தரையோடு ஊர்ந்து போகும் சிறுதீயைப் பத்திருபது வருடத்துக்கு ஒருமுறை தாங்கியே வளர்ந்தவை. மின்னலும் மூட்டியது, அங்கே வாழ்ந்த பழங்குடிகளும் கருத்தோடு மூட்டினார்கள். வெள்ளையர் வருகைக்கு முன் கலிஃபோர்னியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 44 லட்சம் ஏக்கர் எரிந்திருக்கும் என்பது ஒரு மதிப்பீடு. 1850-இல் பழங்குடிகள் தீ வைப்பதைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். 1935-இல் வனத்துறை, பார்த்த தீயை மறுநாள் காலை பத்து மணிக்குள் அணைத்தாக வேண்டும் என்று விதி செய்தது. விளைவு, காடு நெருங்கிவிட்டது. தெற்குச் சியராவில் 1911-இல் எடுத்த மரக் கணக்கெடுப்பை நூறாண்டு கழித்து எடுத்ததோடு ஒப்பிட்டபோது, ஏக்கருக்கு மரங்கள் ஆறேழு மடங்கு கூடியிருந்தன. சராசரி மரத்தின் பருமன் பாதியாகியிருந்தது. கலைத்துவிடாத கேழ்வரகு நாற்றங்கால் மாதிரி. ஒன்றோடொன்று தண்ணீருக்கு அடித்துக்கொண்டு, வறட்சி வந்ததும் வண்டுக்கு இரையாகிச் சாயும். 2012 முதல் 2016 வரையிலான வறட்சியில் மாநிலம் முழுக்கப் பத்துக்கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் அப்படித்தான் செத்தன. பிறகு தீ வந்தால் அது தரையில் ஊராது. சின்ன ஃபிர் மரங்களை ஏணியாக்கிக்கொண்டு உச்சிக்கு ஏறிவிடும்.

இதை நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. எரிந்த இடத்தில் முன்பு நின்ற மாதிரியே திரும்ப நட்டால், எரிந்த நோயையே திரும்ப நடுகிறோம்.

இனி தெரிவுகள். மனைவியின் கட்சியிலிருந்து தொடங்குகிறேன், வீட்டில் அமைதி வேண்டும் என்பதற்காக மட்டுமல்ல. அதில் நியாயம் நிறைய. பெருந்தீயிலும் பரப்பு முழுவதும் சாவதில்லை. பல இடங்களில் தாய்மரங்கள் பிழைத்து நிற்கும், விதை விழும், கன்று வரும். அங்கே மனிதன் போய் நடுவது பணத்துக்குக் கேடு. செத்து நிற்கும் மரத்தின் கார்பனும் உடனே காற்றுக்குப் போய்விடுவதில்லை. தீ தின்பது பெரும்பாலும் இலையையும் சுள்ளியையும் தரைச் சருகையும்தான், அடிமரத்தில் மிகச் சிறு பங்குதான் எரிகிறது. மீதி பல பத்தாண்டுகளாக மெல்ல மக்குகிறது, நடுவில் மரங்கொத்திக்கு வீடாகிறது.

ஆனால் இது எல்லா இடத்துக்கும் ஆகாது. பாண்டரோசா பைனின் விதை சிறகு கட்டிப் பறந்தாலும் பெரும்பாலும் தாய்மரத்திலிருந்து நூறு, இருநூறு மீட்டருக்குள் விழுந்துவிடும். மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவும் அதற்குத் தெரியாது. இப்போதைய தீக்களோ ஒரு மரம்கூட மிஞ்சாத ஆயிரக்கணக்கான ஏக்கர் வெட்டவெளிகளை விட்டுப் போகின்றன. நடுப்பகுதிக்கு விதை வர வழியே இல்லை. வருவது மன்சனீட்டா, சியனோதஸ் என்ற புதர்கள். அவற்றின் விதைதான் மண்ணில் பல பத்தாண்டு கிடந்து, தீயின் சூடு பட்டால் முளைப்பது. புதர் மூடிய மலை அடுத்த தீயில் முழுதாக எரியும், திரும்பவும் புதரே வரும். காட்டில் ஏக்கருக்கு நிற்கிற கார்பனில் சிறு பங்குதான் புதரில் நிற்கும். எனவே விதை எட்டும் தூரத்தில் சும்மா இருப்பது புத்திசாலித்தனம், எட்டாத இடத்தில் சும்மா இருப்பதற்கு, காடு அங்கே போகட்டும் என்று ஒப்புக்கொண்டதாகப் பொருள்.

அடுத்து ஒரு டாலர் மரம். ஆயிரம் டாலருக்கு ஆயிரம் கன்று. வழக்கமான தோப்பு முறையில் 12 அடிக்கு ஒன்று என்று சதுரமாக நட்டால் ஏக்கருக்கு முந்நூறு. ஆக மூன்று ஏக்கர் சொச்சம். கால்டோர் தீ மட்டும் இரண்டு லட்சத்து இருபதாயிரம் ஏக்கர். அளவு சிறிது என்பது குற்றமில்லை, எந்த நன்கொடையும் அப்படித்தான். கேட்க வேண்டியது, அந்த ஒரு டாலர் எந்தச் செலவுக்கு என்று. கன்றின் விலை மொத்தச் செலவில் ஒரு துளி. காய்ப்பு வருடம் பார்த்து விதைக் கூம்பு பறிக்க வேண்டும். பைன்கள் ஆண்டுதோறும் நன்றாகக் காய்ப்பதில்லை, சில வருடம் ஒருமுறைதான். அதற்கு மர உச்சிக்கு ஏறத் தெரிந்த ஆள் வேண்டும். எந்தப் பகுதியில், எந்த உயரத்தில் எடுத்த விதை என்று எழுதிவைத்து உறைகுளிரில் சேமிக்க வேண்டும். நாற்றங்காலில் ஓரிரு ஆண்டு வளர்க்க வேண்டும். நடுமுன் செத்த மரத்தையும் புதரையும் அகற்ற வேண்டும். நட்டபின் இரண்டு மூன்று ஆண்டு புதரை அடக்க வேண்டும், பெரும்பாலும் களைக்கொல்லி தெளித்து. கோடை முழுக்க மழை அபூர்வமான மலை அது. களையெடுக்காத கன்று முதல் கோடையிலேயே கருகும். "நட்டோம்" என்ற எண்ணிக்கை எல்லோரிடமும் உண்டு. மூன்றாம் ஆண்டில் உயிரோடு இருப்பது எத்தனை என்று நான் மின்னஞ்சல் அனுப்பிக் கேட்ட ஓர் அமைப்பு, ஒரு மரத்தின் படம் போட்ட நன்றிக் கடிதம் அனுப்பியது.

சதுர நடவின் பெரிய கோளாறு பிழைத்த பிறகுதான் தொடங்குகிறது. ஒரே வயது, ஒரே உயரம், கிளையோடு கிளை உரசும் நெருக்கம். தீக்கு இதைவிட நல்ல விரிப்பு கிடையாது. 1987-இல் ஸ்டானிஸ்லாஸ் காட்டில் ஒரு பெருந்தீ. அதன் பிறகு அங்கே பைன் தோப்புகள் நட்டார்கள். 2013-இல் ரிம் தீ வந்து 2,57,000 ஏக்கரை விழுங்கியபோது அந்தத் தோப்புகளும் எரிந்தன. கால் நூற்றாண்டு சேர்த்த கார்பன், அதற்கான கூலி, எல்லாம் போயின.

இதற்கு மாற்றாகக் காட்டியல் ஆய்வாளர்கள் சில ஆண்டுகளாகச் சொல்வது கொத்து நடவு. ஈரம் தங்கும் பள்ளத்திலும் வடக்குச் சரிவிலும் நாலைந்து கன்று சேர்த்துக் கொத்தாக, இடையில் தனி மரங்கள், அதற்கிடையே வேண்டுமென்றே வெறும் திட்டுகள். விதை எட்டும் ஓரங்களை விட்டுவிட்டு, எட்டாத நடுவில் சில தீவுகளை மட்டும் உண்டாக்கினால், அவை காய்க்கத் தொடங்கியதும் மீதியைத் தாமே பார்த்துக்கொள்ளும். கன்று பத்துப் பதினைந்து வயதானதும் சிறுதீ வைத்துத் தரையைத் துப்புரவு செய்யலாம். ஏக்கருக்குக் கன்று குறைவு என்பதால் முதல் முப்பது ஆண்டு கார்பன் கணக்கிலும் இது பின்தங்கித்தான் இருக்கும். விளம்பரத்துக்கும் எடுபடாது, "ஒரு டாலருக்கு ஒரு திட்டு வெற்றிடம்" என்று யார் பணம் கொடுப்பார்கள்? ஆனால் நூறாவது ஆண்டில் நிற்கப் போவது இதுதான் என்பது என் பந்தயம்.

எந்த உயரத்தில் நடுவது என்பதிலும் கண்டிப்பு வேண்டும். சியராவின் ஊசியிலைக் காடுகளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு, இப்போதைய வெப்பத்துக்குப் பொருந்தாத தாழ்ந்த இடத்தில் நிற்பதாக 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கண்டார்கள். நிற்கிற பழைய மரம் தாக்குப்பிடிக்கும், புதுக்கன்று பிடிக்காது. அவற்றுக்கு ஜோம்பி (நடைபிணம்) காடு என்று பெயரும் விழுந்துவிட்டது. அங்கே பைன் நட்டால் பணத்தைத் தீயில் போடுவதுதான். வெட்டிய அடியிலிருந்து தானே துளிர்க்கும் கருப்பு ஓக்கிடம் விட்டுவிடலாம்.

மூன்றாவது தெரிவு, இன்னும் எரியாத காட்டை நெருக்கம் கலைத்து, சிறுதீ வைத்துக் காப்பது. இதற்குக் கார்பன் கணக்கு ஒன்றை நானே போட்டேன். மார்பளவு உயரத்தில் 75 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு பைன், தரைக்கு மேலே ஏறக்குறைய 3 டன் உலர் எடை. அதில் பாதி கார்பன். கார்பன் டை ஆக்சைடாகச் சொன்னால் ஐந்தரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. பத்து சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கழி மரமோ இருபது கிலோ சொச்சம். ஒரு பெரிய மரத்துக்கு ஈடாக நூறுக்கும் மேற்பட்ட கழிகள் வேண்டும். அந்தக் கழிகள்தான் தீயை மேலே ஏற்றிவிடும் ஏணி. ஏணியை எடுத்துவிட்டால் இழக்கும் கார்பன் கொஞ்சம், காப்பாற்றப்படும் கார்பன் அதிகம்.

பலன் கண்ணுக்குத் தெரிந்த இடமும் உண்டு. 2020-இல் காஸில் தீ, உலகிலிருந்த பெரிய செக்வோயா மரங்களில் பத்து முதல் பதினான்கு விழுக்காட்டைக் கொன்றது. ஈராயிரம் வருடம் நின்ற மரங்களும் அதில் அடக்கம். 2022-இல் யோசெமிட்டி தேசியப் பூங்காவின் மாரிபோசா செக்வோயா தோப்பை வாஷ்பர்ன் தீ எட்டியது. அங்கே 1970-களிலிருந்தே திட்டமிட்டுச் சிறுதீ வைத்து வந்திருக்கிறார்கள். தீ தோப்புக்குள் வந்ததும் தரைக்கு இறங்கிவிட்டது.

எதிர்வாதத்தையும் மறைக்கக் கூடாது. கலைத்த காட்டுக்கெல்லாம் தீ வரப்போவதில்லை. பத்திருபது ஆண்டில் புதர் திரும்பிவிடும், அதற்குள் தீ வராத ஏக்கரில் கார்பன் நட்டம்தான். இந்தக் கணக்கில் ஆய்வாளர்களிடையே இன்னும் சண்டை ஓயவில்லை. கோடையிலும் மூடுபனியில் நனையும் கடற்கரை ரெட்வுட் காட்டில் கார்பன் பெயரைச் சொல்லி மரம் வெட்டினால் நானே எதிர்ப்பேன். வறண்ட சியரா நடுச்சரிவு அப்படியல்ல. அங்கே தீ எப்போது வரும் என்பதில்தான் சந்தேகம், வருமா என்பதில் இல்லை. இன்னொன்று, கலைத்துவிட்டுத் தீ வைக்காமல் போனால் பாதி வேலைதான். கிளையும் மிலாறும் தரையில் கிடந்தால் எரிபொருளை மேலிருந்து கீழே இறக்கியதோடு சரி.

அந்த மிலாற்றையும் கழியையும் என்ன செய்வது? வீட்டுக்கூட்டத்தில் சூடு கிளம்பியது இங்கேதான்.

இப்போது நடப்பது பெரும்பாலும் குவித்துக் கொளுத்துவது. மழைக்காலத்தில் மலையேறினால் சாலையோரம் பிளாஸ்டிக் தாள் மூடிய குவியல்கள் தீக்குச்சிக்குக் காத்திருக்கும். கார்பன் ஏறக்குறைய முழுக்கக் காற்றுக்கு, புகை முழுக்கப் பள்ளத்தாக்குக்கு. மற்ற வழிகளை இதோடுதான் ஒப்பிட வேண்டும், கற்பனையான தூய்மையோடு அல்ல.

மின்நிலையத்தில் எரித்தால்? ஒரு யூனிட் மின்சாரத்துக்குப் புகைபோக்கியில் வரும் கார்பன் நிலக்கரியைவிட அதிகம் என்று விமரிசகர்கள் சொல்வது சரி. ஆனால் குவியலாக எரியப்போகும் அதே கழியைக் கொதிகலனில் எரித்தால் புகைத்துகள் பெரும்பாலும் வடிகட்டப்படுகிறது, மீத்தேனும் குறைகிறது. ப்ளேசர் கவுண்டியின் (மாவட்டத்தின்) காற்று மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு செய்த சோதனையில் துகள் 98 விழுக்காடு குறைந்தது. சிக்கல் லாரியில். பச்சை மரத்தின் எடையில் பாதி தண்ணீர். தண்ணீரை மலையிலிருந்து இறக்கத்தான் டீசல் எரிகிறது. எண்பது, நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் கட்டுபடியாகாது. இதில் மரச்சில்லைத் துகளுருண்டையாக்கி ஸ்டாக்டன் துறைமுகம் வழியாக வெளிநாட்டுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் வரை அனுப்பும் திட்டம் ஒன்று வந்தது. ஏற்கெனவே மூச்சுத்திணறும் அந்த ஊர் மக்கள் எதிர்த்தார்கள். நானும் அவர்கள் பக்கம். சேமிப்பு என்று தொடங்கியதைப் பசிபிக் தாண்டி எரிப்பதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.

பலகையாக்கினால்? கார்பன் சுவருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நாடுகள் கணக்கெழுதும்போது பயன்படுத்தும் ஐபிசிசி (ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு) அரையாயுள் மதிப்பு, அதாவது சேர்ந்த கார்பனில் பாதி வெளியேற ஆகும் காலம், அறுத்த மரத்துக்கு 35 ஆண்டு, ஒட்டுப்பலகைக்கு 25, காகிதத்துக்கு 2. சிமெண்டையும் எஃகையும் கொஞ்சம் மிச்சம் பிடித்தால் அது கூடுதல் லாபம். எங்கள் நண்பர் ஒருவர் இதோடு முடிவாகிவிட்டது என்றார். ஆனால் மர மில்லில் கட்டையில் ஏறக்குறைய பாதிதான் பலகையாகிறது, மீதி தூளும் பட்டையும் சில்லும். கலைத்தெடுக்கும் கழியோ பலகைக்கே தேறாது. இளமரம் காய்ந்தால் முறுக்கிக்கொள்ளும். வீடு கட்டத் தேவைப்படுவது பெரிய மரம், காட்டில் நிற்க வேண்டியதும் பெரிய மரமே. "மில் ஓட வேண்டும்" என்ற கட்டாயம் வந்துவிட்டால் வாள் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே நடுத்தரக் கட்டைக்கு மட்டும் பலகை என்று எழுதிக்கொண்டேன்.

மிஞ்சுவது மிலாறு. இதற்குத்தான் கரி. இராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேலைக்கு மூட்டம் போடுகிறவர்களுக்கு இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காற்றை அடைத்து வேகவிட்டால் மரம் சாம்பலாகாமல் கரியாகும். மரத்திலிருந்த கார்பனில் ஏறக்குறைய பாதி கரியில் நின்றுவிடும். அதை அடுப்பில் போடாமல் மண்ணில் கலந்தால் பெரும்பகுதி நூற்றாண்டுகளுக்குக் கிடக்கும், மக்காது. பயோசார் என்று பெயர் சூட்டி டன் கணக்கில் சான்றிதழ் விற்கிறார்கள். எனக்குப் பிடித்தது, உலையைக் காட்டுக்கே கொண்டுபோகலாம் என்பது. தண்ணீரைச் சுமக்க வேண்டாம்.

மரத்தை அப்படியே களிமண்ணில் புதைப்பது இன்னும் எளிது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் நிங் ஜெங் குழு, கனடாவின் கியூபெக்கில் இரண்டு மீட்டர் ஆழக் களிமண்ணிலிருந்து தோண்டியெடுத்த சிவப்பு சிடார் மரக் கட்டைக்கு வயது 3,775. இழந்த கார்பன் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு. இந்த ஆய்வு 2024-இல் வெளிவந்தது. காற்றும் நீரும் புகாத களிமண் கிடைக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. சியராவின் கருங்கல் சரிவில் அது எங்கே கிடைக்கும்?

சான்றிதழ் பற்றி ஓர் எச்சரிக்கை. கலிஃபோர்னியாவின் காட்டுக் கார்பன் திட்டத்தில், எரிந்துபோனால் ஈடுகட்ட ஒரு பொதுக் கையிருப்பு உண்டு. நூறாண்டுத் தீ அபாயத்துக்கென்று அதில் ஒதுக்கிய பங்கில் குறைந்தது 95 விழுக்காட்டைப் பத்தாண்டுக்குள் வந்த தீக்களே தின்றுவிட்டன என்று 2022-இல் ஓர் ஆய்வு காட்டியது. நிற்கும் மரத்தின் மீது எழுதிய சான்றிதழைவிடக் கரி மீது எழுதியதை நான் நம்புவேன். மண்ணுக்குள் போன கரி மறுபடி எரியாது.

மறு கூட்டத்தில் நான் வைத்தது இதுதான்: நூறு டாலரில் அறுபது, நெருக்கம் கலைத்துச் சிறுதீ வைக்கும் உள்ளூர்க் கூட்டமைப்புக்கு. கலிஃபோர்னியாவின் பல கவுண்டிகளில் நில உரிமையாளர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து இப்படி அமைப்பு வைத்திருக்கிறார்கள். அரசிடமும் இதற்குப் பணம் உண்டு, ஆனால் ஆள் பயிற்சிக்கும் கருவிக்கும் இவர்கள் கையேந்தி நிற்கிறார்கள், சிறுதொகை அங்கேதான் கண்ணுக்குத் தெரியும். முப்பது கொத்து நடவுக்கு, அதிலும் கூம்பு பறிக்கவும் மூன்றாண்டுக் களையெடுப்புக்கும் என்று எழுதி வாங்கிக்கொண்டு. 2021-இல் ரீப்ளாண்ட் சட்டம் வந்து வனத்துறையின் மறுநடவு நிதிக்கு இருந்த ஆண்டுக்கு மூன்று கோடி டாலர் உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். அதனால் கன்று வாங்கும் பணத்தைவிட விதையும் ஆளும்தான் இப்போது தட்டுப்பாடு. பத்து டாலர் காட்டிலேயே கரி போடும் முயற்சிக்கு, இது சூதாட்டம் என்று தெரிந்தே.

ஒரு டாலர் மரக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் கையால் ஒரு கன்றாவது நட வேண்டும், அப்போதுதான் அவர்களுக்குக் காட்டின் மீது பாசம் வரும் என்றார். அது கார்பன் கணக்கில் வராத காரணம், ஆனால் தவறான காரணம் அல்ல. அவர் பங்கை அவர் விருப்பப்படி அனுப்பினார். என் மனைவி தன் பங்கிலிருந்து பத்து டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, விதை எட்டும் ஓரத்தின் பங்கு இது, அங்கே ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.